படம் இருந்தால் பாலர் புத்தகமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில், எங்கள் எல்லைப்புற நூலகம் ஒன்றில் சாத்தானைக் கதாநாயகனாக்கிய வெளிநாட்டுப் படக்கதைகள் இருப்பதைக் கண்டித்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அதில் ஒரு தொகுதியை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தானாம். இவர் முறையிட்ட பிறகு அத்தனையும் பூட்டிய அலமாரிக்குள் போய்விட்டன, மற்ற நூலகங்களும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று முடித்திருந்தார். அந்த அலமாரி எனக்கு நன்றாகத் தெரியும். அதன் நெற்றியில் 'எடுத்துச் செல்லக் கூடாதவை' என்று எழுதியவன் நான்தான்.

நான் நாகலாபுரம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறேன். ஆரணி ஆற்றைத் தாண்டினால் ஊத்துக்கோட்டை, தமிழ்நாடு. இந்தப் பக்கம் ஆந்திரம். பலகை எழுதுவது தொழில். தெலுங்கிலும் எழுதுவேன், தமிழிலும் எழுதுவேன். ஃபிளெக்ஸ் வந்து எங்கள் சோற்றில் மண்ணைப் போட்ட பிறகு வருமானம் சுருங்கிவிட்டது. 2022இல் எங்கள் பகுதியைச் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரித்துத் திருப்பதி மாவட்டத்தில் சேர்த்தபோது, மாவட்டப் பெயரை அழித்து எழுதும் வேலை கொஞ்ச நாள் கிடைத்தது. அரசாங்கம் அடிக்கடி மாவட்டங்களைப் பிரித்தால் எனக்கு ஆட்சேபமில்லை.

கோடையில் எனக்கு இன்னொரு வேலை உண்டு. எங்கள் பக்கத்துத் தர்மராஜா கோயில்களில் பாரதத் திருவிழா நடக்கும்போது, கடைசி நாள் படுகளத்துக்குத் துரியோதனன் உருவத்தை மண்ணில் செய்வது எங்கள் குடும்பம். மல்லாந்து கிடக்கும் உருவம். தலையில் மகுடம், முறுக்கிய மீசை, பிதுங்கிய கண்கள், தொடைக்குள் சிவப்புக் கரைசல் நிரப்பிய பானை. பீம வேடக்காரர் கதாயுதத்தால் அந்த இடத்தில் அடித்துப் பிளந்த பிறகுதான் பாஞ்சாலி கூந்தலை முடிப்பாள். என் அப்பா செய்தார், நான் செய்கிறேன். ஆகவே வில்லனைப் பெரிதாகக் காட்டுவது பற்றியும், தெய்வத்தை மனிதக் கையால் வரைவது பற்றியும் பேச எனக்கும் கொஞ்சம் பாத்தியதை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த வாசகர் சொன்னதில் சரியானதைச் சரி என்று சொல்லிவிடுகிறேன். அந்தப் புத்தகங்கள் ஏழாம் வகுப்புப் பையனுக்கு உரியவை அல்ல. அவற்றில் கொலை உண்டு, நிர்வாணம் உண்டு, சித்திரவதை உண்டு. முதிர்ந்த வாசகர்களுக்கானது என்று பதிப்பகத்தாரே அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் படிக்காமல் குழந்தைகள் பகுதியில், நாற்காலி உயரத் தட்டில், முயல் கதைகளுக்கும் ஆத்திசூடிக்கும் நடுவில் செருகி வைத்தது யார்? உள்ளே படம் இருக்கிறது, படம் இருந்தால் பாலர் புத்தகம் என்று எண்ணியவர்கள். இப்போது அதே நூல் பெரியவர்களுக்கும் கிடைக்காமல் பூட்டப்பட்டிருக்கிறது. இரண்டு காரியத்தையும் செய்தது அட்டையைத் திறக்காத ஒரே சோம்பல்தான்.

எந்தப் புத்தகம் என்று அவர் எழுதவில்லை. நான் எழுதுகிறேன். 'லூசிஃபர்' என்ற அமெரிக்கச் சித்திரக்கதைத் தொடர். எழுதியவர் மைக் கேரி என்ற ஆங்கிலேயர். 2000 முதல் 2006 வரை மாதந்தோறும் 75 இதழ்கள் வந்து, பிறகு 11 தொகுதிகளாகக் கட்டப்பட்டது. பெரும்பகுதியை வரைந்தவர் பீட்டர் கிராஸ். டீன் ஆர்ம்ஸ்டன், ரயன் கெல்லி ஆகியோரும் வரைந்திருக்கிறார்கள். இதற்குத் தாய்த் தொடர் 'சாண்ட்மேன்'. அது 1989இல் தொடங்கி 1996இல் முடிந்தது, அதுவும் 75 இதழ்கள், நீல் கெய்மன் எழுதியது. வெளிநாட்டில் வேலை செய்து திரும்பிய ஒருவர் வீட்டைக் காலி செய்யும்போது இரண்டையும் சேர்த்து நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறார். ஊத்துக்கோட்டையில் மகள் வீடு இருப்பதால் அந்த முகவரியில் நான் உறுப்பினர். என் ஆங்கிலம் பள்ளி ஆங்கிலம். முதலில் படம், பிறகு எழுத்து, பிறகு அகராதி, அதுவும் கைவிட்டால் கல்லூரியில் படிக்கும் பேரன் என்று மெதுவாகப் படித்தேன்.

சாத்தானைப் புகழ்கிறது என்று அவர் சொல்லும் கதையின் தொடக்கம் சாண்ட்மேனில் இருக்கிறது. நரகத்தின் அதிபதியான லூசிஃபர் ஒரு நாள் வேலையை விட்டுவிடுகிறான். உயிர்களை வெளியே துரத்துகிறான், பேய்களை அனுப்புகிறான், வாயில்களை ஒவ்வொன்றாகப் பூட்டுகிறான். அப்போது ஒரு பாவி மட்டும் பாறையில் கட்டுண்டபடியே போகமாட்டேன் என்கிறான். உயிரோடு இருந்தபோது செய்த கொடுமைகளையெல்லாம் பட்டியல் போட்டு, இவ்வளவு பெரிய பாவியான என்னை எப்படி விடலாம் என்று மார் தட்டுகிறான். உன்னை இப்போது பூமியில் ஒருவருக்கும் நினைவில்லை என்கிறான் லூசிஃபர். அந்தப் பாவியின் தண்டனை அங்கே முடிந்துபோகிறது. என் வயதில் எத்தனையோ உபந்நியாசங்களும் பிரசங்கங்களும் கேட்டிருக்கிறேன். தண்டனையைக்கூட மனிதன் பெருமையாகக் கட்டிக்கொள்வான் என்பதை இத்தனை சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பூட்டிய நரகத்தின் சாவியை, சாண்ட்மேன் தொடரின் நாயகனான கனவுகளின் அரசனிடம் கொடுத்துவிட்டு, தன் சிறகுகளை வெட்டச் சொல்லி, லூசிஃபர் போய்விடுகிறான். அந்தச் சாவிக்காக ஒரு கூட்டம் வருகிறது. ஐஸ்லாந்து, நார்வே பக்கத்துப் பழைய தெய்வங்களான ஒற்றைக் கண் ஓடின் வருகிறான், தோர் வருகிறான், பாம்பின் நஞ்சுக்கு அடியில் கட்டுண்டிருந்த லோக்கியையும் அவிழ்த்துக் கூட்டி வருகிறார்கள். எகிப்திலிருந்து நாய்த்தலை அனுபிஸ், பூனைத்தலை பாஸ்ட், ஜப்பானிலிருந்து சுசானோ, பேய்கள், தேவதைகள் என்று வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒழுங்கு என்னும் தத்துவத்தின் தூதர் எந்த உருவத்தில் வருகிறார் தெரியுமா? ஓர் அட்டைப்பெட்டி. அந்தப் பக்கத்தைப் பார்த்து நூலகத்திலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். நூலகர் அம்மா நிமிர்ந்து பார்த்தார். எல்லாரும் விருந்து சாப்பிடுகிறார்கள், எல்லாரும் பேரம் பேசுகிறார்கள், எல்லாரும் கொஞ்சம் மிரட்டுகிறார்கள். பாண்டவர் தூது நடக்கும் இரவில் எங்கள் ஊர்க் கூத்துமேடையில் அஸ்தினாபுரத்துச் சபை இப்படித்தான் இருக்கும்.

கடைசியில் சாவி இரண்டு தேவதூதர்கள் கைக்குப் போகிறது. அவர்களில் ஒருவர், இனிமேல் நரகத்தில் வெறும் தண்டனை கிடையாது, எல்லாம் உங்கள் நன்மைக்காகவே என்று அன்போடு அறிவிக்கிறார். அது இன்னும் கொடுமை என்று பாவி ஒருவன் கதறுகிறான். இதைப் படித்துவிட்டு எந்தப் பையன் சாத்தானைக் கும்பிடப் போவான் என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு வந்த தனித் தொடரில் லூசிஃபர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பியானோ வாசிக்கும் ஒரு மதுக்கூடம் நடத்துகிறான். பிறகு தானே ஒரு பிரபஞ்சத்தைப் படைத்து அதில் ஒரே சட்டம் வைக்கிறான்: இங்கே யாரையும் வணங்கக் கூடாது, என்னையும்தான். தகப்பனான கடவுளின் ஆட்சி பிடிக்காமல் வெளியே வந்தவன், தகப்பனைப் போலவே உலகம் செய்கிறான், தகப்பனைப் போலவே சட்டம் போடுகிறான். ஊசிமுனை நிலமும் தரமாட்டேன் என்றவனின் திமிர் அது. அந்தத் திமிரின் அழகையும் காட்டுகிறார்கள், அதனால் பக்கத்தில் இருப்பவர்கள் எப்படி நசுங்குகிறார்கள் என்பதையும் காட்டுகிறார்கள். எங்கள் படுகளத்திலும் அப்படித்தான். இரவெல்லாம் நடக்கும் பதினெட்டாம் போர்க் கூத்தில் இருப்பதிலேயே பெரிய முடி துரியோதனனுக்குத்தான். திரைக்குப் பின்னால் நின்று அவன் பாடி, ஆடி, திரையை விலக்கி வெளியே வருவதற்குக் கால்மணி நேரம் ஆகும்; சனம் வாய் பிளந்து பார்க்கும். விடிந்ததும் அதே சனம் அவன் தொடை பிளப்பதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். முடிந்ததும் என் கையால் செய்த உருவத்திலிருந்து ஆளுக்கொரு பிடி மண் எடுத்துப்போய் நெல் குதிரில் போடுவார்கள். கெட்டவன் உடம்பு மண் வீட்டுக்கு விளைச்சல் தரும் என்று நம்புகிறவர்களிடம் போய், வில்லனைக் கதாநாயகனாக்கினால் பக்தி கெட்டுப்போகும் என்று சொன்னால் சிரிப்பார்கள். கேரளத்தில் கொல்லம் பக்கம் பொருவழி மலநடையில் துரியோதனனுக்குக் கோயிலே இருக்கிறது.

இந்தத் தொடரில் என்னை உட்கார வைத்தது வடநாட்டுத் தெய்வங்களின் பகுதி. வடநாடு என்று நான் சொல்வது ஐஸ்லாந்து, நார்வே பக்கத்தை, காசியை அல்ல. ஆறாம் தொகுதியில் நாக்ல்ஃபார் என்ற கப்பல் வருகிறது. அது இறந்தவர்களின் நகங்களால் கட்டப்பட்டது. பழைய கதைப்படி, அந்தக் கப்பல் கட்டி முடிவது தெய்வங்களுக்கும் மனிதர்களுக்கும் பிடிக்காத காரியம். ஆகவே பிணத்துக்கு நகம் வெட்டாமல் விடாதே, கப்பலுக்குச் சாமான் சேர்ந்துவிடும் என்பார்கள். வெட்டிய நகத்தை வீட்டுக்குள் போட்டால் என் பாட்டி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வருவாள். அவளுக்கு இந்தக் கப்பலைப் பற்றிச் சொல்லியிருந்தால் உடனே நம்பியிருப்பாள். எட்டாம் தொகுதியில் ஃபென்ரிர் என்ற ஓநாய், உலகங்களைத் தாங்கும் மரத்தின் அடியில் படைப்பு முழுவதையும் அழிக்கக் கிளம்புகிறது. அந்த மரத்தின் பெயர் இக்ட்ரசில்.

அந்த மரத்தில்தான் ஓடின் ஒன்பது இரவுகள் தொங்கினான். ஈட்டியால் குத்துண்டு, சோறில்லை, தண்ணீரில்லை, தன்னைத் தனக்கே பலியாகக் கொடுத்துத் தொங்கி, மந்திர எழுத்துகளைப் பெற்றான். எங்கள் திருவிழாவில் அர்ச்சுனன் தபசு நாளன்று, பனை உயரத்துக்கு நட்ட தபசு மரத்தில் வேடக்காரர் பாடிக்கொண்டே ஏறுவார். கீழே பிள்ளை வரம் வேண்டிய பெண்கள் ஈரத்துணியோடு விழுந்து கிடப்பார்கள். மேலேயிருந்து அவர் எலுமிச்சம்பழமும் விபூதியும் போடுவார். பாசுபதம் பெற அர்ச்சுனன் ஏறுகிறான், எழுத்துப் பெற ஓடின் ஏறுகிறான். எழுத்து எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் எனக்கு ஓடின் மீது கொஞ்சம் பாரபட்சம் உண்டு. எழுத்துக்காக ஒரு தெய்வம் தொங்கியது என்பதை எந்தப் பலகைக்காரனால் மறக்க முடியும்?

அதே ஓடின் ஞான ஊற்றில் ஒரு மிடறு குடிப்பதற்காக ஒரு கண்ணைத் தோண்டிக் கொடுத்தான். இங்கே காளத்தியில் திண்ணன் என்ற வேடன், சாமியின் கண்ணில் இரத்தம் வடிவதைப் பார்த்துத் தன் கண்ணைத் தோண்டி அப்பினான். அடுத்த கண்ணைத் தோண்டும்போது இடம் தெரிய வேண்டுமே என்று செருப்புக் காலைச் சாமியின் கண்மேல் ஊன்றினான். ஓடின் கொடுத்தது ஒன்றை வாங்குவதற்கு. கண்ணப்பர் கொடுத்தது எதையும் வாங்குவதற்கல்ல. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், சிறு வயது முதல் கேட்டுக்கேட்டுத் தேய்ந்துபோயிருந்த கண்ணப்பர் கதை எனக்கு மறுபடியும் வலித்தது. செருப்புக் காலைப் பற்றிச் சேக்கிழார் எழுதலாம், அது பன்னிரண்டாம் திருமுறையில் சேரலாம். படம் போட்டு எழுதினால் மட்டும் அவமரியாதையா?

லோக்கி கதையும் அப்படித்தான். தெய்வங்கள் அவனைக் குகையில் கட்டிப்போட்டு, முகத்துக்கு மேலே நச்சுப் பாம்பைத் தொங்கவிட்டார்கள். அவன் மனைவி சிகின் ஒரு கிண்ணத்தை ஏந்திக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள். கிண்ணம் நிரம்பிக் கொட்டப் போகும் அந்தக் கணத்தில் நஞ்சு முகத்தில் விழும். அவன் துடிக்கும் துடிப்பில் பூமி அதிரும். இதைப் படித்த மறுநாள் சுருட்டப்பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது, மளிகைக்கடைப் பலகை ஒன்றுக்காக. வேலை முடிந்து கோயிலுக்குள் போனேன். ஆலகாலம் குடித்த சிவன் அங்கே பார்வதி மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிறார். லிங்கமாகத்தான் இருப்பார் என்று நினைத்து வருகிற வெளியூர்க்காரர்கள் திகைத்து நிற்பார்கள். நான் எத்தனையோ முறை பார்த்த உருவம். அன்று அம்மனின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பூசாரி என்ன வேண்டுதல் என்று கேட்டார், எதுவுமில்லை என்றேன்.

அந்நிய நாட்டுப் பழங்கதையைப் படித்தால் சொந்த மதம் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள், அந்தப் பழங்கதைகள் எப்படிப் பிழைத்தன என்று தெரிந்துகொள்வது நல்லது. ஐஸ்லாந்து மக்கள் 1000ஆம் ஆண்டையொட்டித் தங்கள் பொதுச்சபையில் கூடிப் பேசி கிறிஸ்தவத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஓடினையும் தோரையும் வணங்க ஆளில்லாமல் போய் இருநூறு ஆண்டுகள் கழித்து, ஸ்னோரி ஸ்டுர்லுசன் என்ற கிறிஸ்தவர், 1220ஐ ஒட்டி, உட்கார்ந்து அந்தக் கதைகளை எழுதி வைத்தார். பழைய கதை தெரியாவிட்டால் பழைய பாட்டு புரியாது, பாட்டு புரியாவிட்டால் புலவர்கள் இல்லாமல் போவார்கள் என்பது அவர் கவலை. அவர் மதம் மாறிவிடவில்லை, ஞானஸ்நானத்தைத் திருப்பிக் கொடுத்துவிடவும் இல்லை. அரசியல் பகையில் 1241இல் அவரை வீட்டிலேயே கொன்றார்கள். அது வேறு சமாச்சாரம். பாடல்களாகவே இருந்த கதைகளின் முக்கியமான கையெழுத்துச் சுவடி டென்மார்க் நாட்டுக்குப் போய், 1971இல் கப்பலில் ஐஸ்லாந்துக்குத் திரும்பியது. தங்கள் தாத்தாக்கள் கைவிட்ட தெய்வங்களின் கதைக்காக ஒரு கிறிஸ்தவ நாடு துறைமுகத்தில் கூடி நின்றது.

நம்மிடமும் இதற்குக் குறைவில்லை. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் சூசையப்பரைக் காப்பியத் தலைவனாக்கி 1726இல் தேம்பாவணி பாடினார். கம்பனைக் கரைத்துக் குடித்தவர் என்பது அதில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் தெரியும். யாரும் அவரைப் பூட்டிய அலமாரியில் வைக்கவில்லை. யாரும் படிப்பதில்லை என்பது வேறு துக்கம்.

தெய்வங்களைக் கேலி செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். பெருந்தீனி தின்கிறவனாகவும் மூளை மந்தமானவனாகவும் தோரைக் காட்டுவது இந்தக் காமிக்ஸ்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. பழைய பாட்டிலேயே இருக்கிறது. அவனுடைய சம்மட்டியை ஓர் அரக்கன் திருடிவிட்டு, பிரேயா தேவியை மணமுடித்துக் கொடுத்தால்தான் தருவேன் என்கிறான். தோருக்கே மணப்பெண் வேடம் போட்டு அனுப்புகிறார்கள். விருந்தில் மணப்பெண் ஒரு முழு எருதையும் எட்டுச் சால்மன் மீன்களையும் தின்று மூன்று பீப்பாய் மது குடிக்கிறாள். மாப்பிள்ளைக்குச் சந்தேகம் வருகிறது. எட்டு இரவாக உங்களை நினைத்துச் சாப்பிடவே இல்லை என்று தோழி வேடத்தில் இருக்கும் லோக்கி சமாளிக்கிறான். சம்மட்டி மடிக்கு வந்ததும் மாப்பிள்ளை வீட்டார் ஒருவரும் மிஞ்சவில்லை. எங்கள் கூத்தில் கீசகன் வதையன்று பீமன் புடவை கட்டிக்கொண்டு வரும்போது இதே சிரிப்புத்தான், முடிவும் இதேதான். அந்த வேடக்காரர் மறுநாள் பீமனாக வீதியில் வரும்போது அதே சனம் காலில் விழும். சிரிப்பதும் கும்பிடுவதும் ஒரே வாய், ஒரே கை. பித்தா என்று திட்டித்தான் சுந்தரர் தேவாரத்தைத் தொடங்கினார்.

எனக்கும் சில சித்திரக்கதைகள் மீது வழக்கு உண்டு. ஆனால் அது வேறு வழக்கு. 1962இல் அமெரிக்காவில் தோரைச் சாகசக்காரனாக்கி ஒரு தொடர் வந்தது. பின்னால் சினிமாவாகி உலகம் முழுவதும் தெரிந்தது. வரைந்த ஜாக் கிர்பியின் கைக்கு நான் கும்பிடு போடுவேன். ஒரு குத்து விழுந்தால் பக்கமே அதிரும்படி கோடு போடத் தெரிந்தவர். ஆனால் பழைய கதைகளில் செந்தாடியோடு இருந்தவன் மழமழவென்று சவரம் செய்த மஞ்சள் தலைமுடிக்காரனாகிவிட்டான். அதுகூடப் போகட்டும். பழைய கதையில் தெய்வங்கள் விலை கொடுக்கிறார்கள். ஓடினுக்குக் கண் போனது திரும்பவில்லை. ஓநாயைக் கட்டுவதற்காக அதன் வாயில் கையை வைத்த டியூருக்கு வலது கை போனது போனதுதான். கடைசிப் போரில் செத்துப்போவோம் என்று தெரிந்தே சாப்பிட்டு, தூங்கி, சண்டை போட்டு வாழ்கிறார்கள். சாகசத் தொடரில் யார் செத்தாலும் அடுத்த ஆண்டு எழுந்து வந்துவிடுவார்கள், விற்பனை அப்படி. விலை கொடுக்காத தெய்வத்தை வரைவதுதான் என் கணக்கில் அவமரியாதை. லூசிஃபர் தொடரில் ஒவ்வொருவரும் கொடுக்கிறார்கள். மாசிகீன் என்ற பெண்ணுக்குப் பாதி முகம் அழகு, பாதி முகம் எலும்பு. அவளைக் கேட்காமலேயே முழு முகத்தையும் அழகாக்கிவிடுகிறார்கள். என் முகத்தை எனக்குத் திருப்பிக் கொடு என்று அவள் ஆத்திரப்படுகிறாள். அந்த இடத்தைப் படிக்கிறவர்கள், அழகுக் கிரீம் விளம்பரம் போடும் நாளிதழ்களை விடவும் இதில் ஆபத்து குறைவு என்று ஒப்புக்கொள்வார்கள். (இதை வெட்டாமல் போடுவீர்கள் என்று நம்புகிறேன்.)

குறையும் சொல்ல வேண்டும். லூசிஃபர் தொடரின் படங்கள் எல்லா இதழிலும் ஒரே தரத்தில் இல்லை. சில இதழ்களில் பின்னணியை அவசரத்தில் விட்டிருக்கிறார்கள். சுவரும் வானமும் ஒரே நிறத்தில் நிற்கின்றன. சாண்ட்மேனில் எழுத்து வரைந்த டாட் கிளைன் என்பவரைத்தான் நான் குரு ஸ்தானத்தில் வைத்திருக்கிறேன். கனவுகளின் அரசன் பேசினால் கறுப்புக் குமிழியில் வெள்ளை எழுத்து. புத்தி பேதலித்த தங்கை பேசினால் எழுத்து பல வண்ணத்தில், பெரிதும் சிறிதுமாகத் தள்ளாடும். முகத்தை மூடிக்கொண்டு எழுத்தை மட்டும் பார்த்தாலே யார் பேசுகிறார்கள் என்று தெரியும். எங்கள் தொழிலில் இதைச் செய்து காட்டினால் கூலி இருமடங்கு கேட்கலாம், கொடுக்கத்தான் ஆளில்லை.

படத்தை நாம் எப்போது குழந்தைகளுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தோம் என்று தெரியவில்லை. காளத்தியில் கலம்காரி எழுதுகிறவர்கள் கடுக்காயும் பாலும் ஊறிய துணியில், நடுவே பட்டாபிஷேகத்தை வைத்து, சுற்றிலும் பட்டை பட்டையாக இராமாயணத்தைக் கட்டம் பிரித்து எழுதுவார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் தெலுங்கில் ஒரு வரி விளக்கம். காமிக்ஸ் என்பது வேறென்ன? அது கோயிலில் தொங்கியது, பெரியவர்கள் நின்று பார்த்தார்கள். நான் படம் கற்றுக்கொண்டது அம்புலிமாமாவில். 1947இல் தெலுங்கிலும் தமிழிலுமாகத் தொடங்கிய பத்திரிகை அது. எல்லையில் பிறந்த எங்களுக்கு இரண்டு மொழியும் அதிலிருந்து வந்தது. வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வாளோடு நடக்கும் விக்கிரமனை வரைந்த சங்கர் 2020இல் காலமானார். அந்தப் பிணத்தின் தொங்கும் கைகளைச் சிலேட்டில் எத்தனை முறை வரைந்திருப்பேன். அப்புறம் சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ், இரும்புக்கை மாயாவி. அதே சிவகாசிக்காரர்கள் இப்போது தோர்கல் தொடரைத் தமிழில் கொண்டுவருகிறார்கள். வான் ஹாமே எழுத, போலந்துக்காரரான ரோசின்ஸ்கி வரைந்து 1977இல் தொடங்கிய கதை. வைக்கிங்குகள் கடலில் கண்டெடுத்து வளர்த்த ஒருவன், தெய்வங்களே, என்னையும் என் பெண்டாட்டி பிள்ளைகளையும் சும்மா விடுங்கள் என்று ஓடிக்கொண்டே இருக்கிறான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும்தான் படிக்கிறார்கள். என் பேரன் எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கக் கற்றது இப்படிப்பட்ட புத்தகங்களில்தான், பாடநூலில் அல்ல. பக்தியைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள் எல்லையில் மொழியைக் காப்பாற்றுவது எது என்றும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும்.

ஆகவே நூலகப் பொறுப்பாளர்களிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. அந்தத் தொகுதிகளைக் குழந்தைகள் பகுதிக்குத் திரும்ப வைக்க வேண்டாம். பெரியவர்கள் பகுதியில், பெரிய புராணமும் வில்லிபாரதமும் இருக்கும் தட்டுக்கு மேல்தட்டில் வையுங்கள். ஏழாம் வகுப்புப் பையனின் கைக்கு எட்டாது. பதினெட்டு வயது நிரம்பிய உறுப்பினருக்கு மட்டும் என்று பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முறையிட்ட வாசகரும் உறுப்பினர் என்றே நினைக்கிறேன். அவர் முதல் ஆளாக எடுத்துப் படித்துவிட்டு, பிறகும் கோபம் இருந்தால் மறுபடி எழுதட்டும், நானும் மறுபடி எழுதுகிறேன். தாங்களும் இரண்டையும் பிரசுரிப்பீர்கள்.

இதில் என் சுயநலமும் இருக்கிறது. பதினொன்றில் ஒன்பதாம் தொகுதி வரை படித்து முடித்த நேரத்தில் பூட்டு விழுந்துவிட்டது. முடிவு என்ன என்று பேரன் சொல்ல வந்தான், அடித்துவிடுவேன் என்றேன். மீதி இரண்டையும் வரும் திருவிழா வேலை தொடங்குவதற்கு முன்னால் படித்தாக வேண்டும். மண் பிசைய ஆரம்பித்துவிட்டால் புத்தகத்தைத் தொடும் கை என் கையாக இருக்காது.

இப்படிக்கு,
பலகை எழுதும் ஒருவர்,
நாகலாபுரம் வட்டாரம், திருப்பதி மாவட்டம், ஆந்திரப் பிரதேசம்.